டாப்சோனியனுக்கு வீட்டிலேயே டி.எஸ்.சி.: என்கோடர் தயார், மரப்பெட்டிதான் மக்கர் செய்கிறது

மொட்டைமாடி, தாம்பரம்

மன்றத்தில் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, எஃப்/6, குவியத் தொலைவு 1200 மி.மீ. அதைத் தாங்கும் டாப்சோனியன் பெட்டி (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் கையால் தள்ளித் திருப்பும் மரத் தாங்கி) 18 மி.மீ. பிளைவுட்டில் ஆசாரி செய்து கொடுத்தது. பிம்பத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொருளைத் தேடிப் பிடிப்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. எங்கள் மாடியிலிருந்து சித்திரை நட்சத்திரம் நன்றாகத் தெரியும், ஆனால் அதைச் சுற்றி வழிகாட்டக்கூடிய மங்கலான நட்சத்திரங்கள் ஒன்றும் தெரியாது. எம்104 என்ற கேலக்ஸியைப் பிடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

அதனால் டிஜிட்டல் செட்டிங் சர்க்கிள் (டி.எஸ்.சி., குழாய் எங்கே பார்க்கிறது என்று காட்டும் கருவி) நானே போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். அச்சு சுழன்ற அளவைப் பல்ஸாகத் தரும் 600 பல்ஸ் ஆப்டிகல் என்கோடர் இரண்டு வாங்கியாகிவிட்டது. 38 மி.மீ. உடல், 6 மி.மீ. ஷாஃப்ட். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) கைவசம் இருக்கிறது. ஃபோனில் ஸ்கைசஃபாரி பிளஸ் என்ற வான வரைபட ஆப்.

600 போதுமா, இல்லை பெல்ட் போட்டுப் பெருக்க வேண்டுமா? கிடைமட்டச் சுழற்சிக்கான என்கோடரை எங்கே மாட்டுவது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாலிடர், சென்னை

600 என்பது ஒரு சானலின் கணக்கு. ஏ, பி என்று இரண்டு சானல் இருக்கிறதல்லவா, இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2400 வரும். 360 டிகிரியை 2400-ஆல் வகுத்தால் 0.15 டிகிரி, அதாவது 9 ஆர்க்மினிட் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி). உங்கள் குழாயில் 25 மி.மீ. பிளாசல் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு, பார்வைப் புலம் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 60 ஆர்க்மினிட்டுக்கு மேல் அகலமான ஜன்னலில் 9 ஆர்க்மினிட் பிசகு ஒரு பொருட்டே இல்லை. பெல்ட்டைப் பிறகு பார்க்கலாம்.

இந்த வகை என்கோடரில் பெரும்பாலும் வெளியீடு என்.பி.என். ஓப்பன் கலெக்டர், அதாவது சிக்னல் ஒயரை 0 வோல்ட்டுக்கு இழுக்க மட்டும் செய்யும், தானாக வோல்ட் தராது. சிவப்பு, கறுப்பு இரண்டும் மின்சாரம், பச்சையும் வெள்ளையும் சிக்னல். லேபிளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்கோடருக்கு 5 வோல்ட் கொடுங்கள். சிக்னல் ஒயர்களை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டோடு இணைத்து புல்-அப் செய்யுங்கள். ஓப்பன் கலெக்டர் என்பதால் 5 வோல்ட் ஈஎஸ்பி32-க்குள் நுழையாது, லெவல் ஷிஃப்டர் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஈஎஸ்பி32-ல் 34 முதல் 39 வரை உள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும், அவற்றில் உள்ளே புல்-அப் கிடையாது. "புரோகிராமில் புல்-அப் போட்டேனே, ஏன் எண் தாறுமாறாக ஓடுகிறது" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் 34, 35-ல் மாட்டியிருப்பார்கள். எண்ணுவதற்கு அந்தச் சிப்பிலேயே பி.சி.என்.டி. என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வைஃபை வேலை செய்யும்போதும் ஒரு பல்ஸ்கூட விட்டுப்போகாது.

ஆப் பக்கம் சுலபம். ஸ்கைசஃபாரியில் 'பேசிக் என்கோடர் சிஸ்டம்', 'ஆல்ட்-அஸ் புஷ்-டு' (உயரம், திசை என்ற இரண்டு அச்சில் கையால் தள்ளும் வகை) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஆப் 'கியூ' என்று ஒரே ஒரு எழுத்தை அனுப்பும். நீங்கள் கூட்டல் குறியோடு ஐந்து இலக்க எண், ஒரு டேப், மறுபடி ஐந்து இலக்க எண், கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன், இவ்வளவுதான் திருப்பி அனுப்ப வேண்டும். வானக் கணக்கு முழுவதையும் ஆப் பார்த்துக்கொள்ளும். ஈஎஸ்பி32-க்கு எண்ணத் தெரிந்தால் போதும்.

பைனாக்குலர், தஞ்சாவூர்

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வானத்தைப் படிக்காமல் எண்ணைப் பார்த்துக் குழாயைத் தள்ளினால் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம்? காக்கை விண்மீன் கூட்டம் தெரிந்தால் எம்104-ஐ ஃபைண்டரிலேயே (குழாயில் இருக்கும் சின்ன வழிகாட்டித் தொலைநோக்கி) பிடித்துவிடலாமே.

இல்லை, எண்தான் வேண்டும் என்றால் அதற்கும் மலிவான வழி உண்டு. தச்சர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜைக் காந்தத்தால் குழாயில் ஒட்டினால் உயரக் கோணம் 0.1 டிகிரிக்குத் தெரியும். அடிப்பலகையில் டிகிரி அச்சடித்த காகித வளையம் ஒன்று ஒட்டுங்கள். ஃபோனில் அந்த நேரத்துக்கான உயரமும் திசைக்கோணமும் (வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பது) பார்த்துக்கொள்ளுங்கள். சாலிடரும் வேண்டாம், புரோகிராமும் வேண்டாம்.

மொட்டைமாடி, தாம்பரம்

ஐயா, தஞ்சாவூரிலிருந்து காக்கைக் கூட்டம் தெரியலாம். இங்கே விமான நிலைய வெளிச்சத்தில் அந்த நான்கு நட்சத்திரங்களில் இரண்டு தெரிந்தால் அன்றைக்கு நல்ல வானம் என்று அர்த்தம். காகித வளையம் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வானம் நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஃபோனைப் பார்த்து, வளையத்தைப் பார்த்து, கேஜைப் பார்த்து என்று ஓட வேண்டியிருக்கும்.

லேத்துப்பட்டறை, கோவை

எலக்ட்ரானிக்ஸ் பற்றி சாலிடர் சொன்னதில் மறுப்பு இல்லை. உங்கள் பிரச்சினை அங்கே வராது, பெட்டியின் நடு போல்ட்டில்தான் வரும். முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஜான் டாப்சன் இந்த மவுண்ட்டை சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் போகிறவர் வருகிறவருக்கு வானத்தைக் காட்டத்தான் வடிவமைத்தார். எடை முழுவதும் மூன்று டெஃப்லான் துண்டுகளின் மேல் உட்காரும், நடுவில் இருக்கும் போல்ட் பெட்டி விலகிப் போகாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். அந்த வேலைக்குத் துளை கொஞ்சம் லூசாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இப்போது அதே போல்ட்டைக் கோணம் அளக்கும் அச்சாக மாற்றப் போகிறீர்கள். கடையில் 12 மி.மீ. என்று வாங்கும் போல்ட்டை வெர்னியரில் வைத்துப் பாருங்கள், 11.8 பக்கம்தான் காட்டும். ஆசாரி 12 பிட் போட்டுத் துளைத்திருப்பார், நாலு மாதத்தில் பிளைவுட் துளை 12.3 ஆகியிருக்கும். ஆக அரை மில்லிமீட்டர் ஆட்டம்.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். என்கோடர் உடலைச் சுழலாமல் பிடிக்க ஒரு கை போடுவீர்கள். அது 100 மி.மீ. நீளம் என்றால் 0.5-ஐ 100-ஆல் வகுக்க 0.005 ரேடியன். 17 ஆர்க்மினிட். என்கோடரின் ஒரு எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. கையை 200 மி.மீ. ஆக்கினால் இதுவே பாதியாகிவிடும்.

நான் செய்து கொடுக்கும் முறை இதுதான். போல்ட்டை அடிப்பலகையில் மேலும் கீழும் வாஷர், நட் போட்டு இறுக்கி, மேலே ஒரு செக் நட். பெட்டி சுழலும்போது போல்ட் இம்மியும் சுழலக் கூடாது. போல்ட்டின் தலையை லேத்தில் பிடித்து, மறு முனையின் நட்ட நடுவில் 6 மி.மீ. துளை, ஷாஃப்ட்டை இறுக்கப் பக்கவாட்டில் ஒரு கிரப் ஸ்க்ரூ. என்கோடரைத் தலைகீழாகப் பிடித்து ஷாஃப்ட்டை அதில் இறக்குங்கள். கை டிரில்லில் துளைத்தால் நடு தவறும், பட்டறையில் கொடுத்தே செய்யுங்கள். பெட்டியின் அடியில் பித்தளை புஷ் (துளைக்குள் பொருந்தும் குழல்) அடித்து, போல்ட்டை அதற்குத் தகுந்த மாதிரி கடைந்துகொள்ளுங்கள். புஷ் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும், எடை அதில் ஏறக் கூடாது. எடை ஏறினால் தள்ளும்போது முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு துள்ளும்.

கைக்கு அலுமினியப் பட்டை போதும். நுனியில் ஒரு காடி, பெட்டியில் ஒரு ஊசி. காடியில் ஆட்டம் இருந்தால் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு ஒரே பக்கமாக இழுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

உயர அச்சில் கதை வேறு. அங்கே பேரிங் வட்டு டெஃப்லான் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் முன்பின் நகரும். வட்டின் மையத்தில் ஷாஃப்ட்டைப் பிணைத்து, என்கோடர் உடலை ஒரே ஒரு கையால் மட்டும் பெட்டியோடு பிடியுங்கள். உடலை நாலு ஸ்க்ரூ போட்டுப் பெட்டியில் இறுக்கினால் ஒன்று குழாய் தூக்கும், இல்லை ஷாஃப்ட் வளையும்.

இரவாடி, திண்டுக்கல்

இடையில் ஒரு சந்தேகம். ஏஎஸ்5600 காந்தச் சென்சார் ரொம்ப மலிவு, 12 பிட். ஒரு சுற்றுக்கு 4096 வருகிறதே, 2400-ஐ விட மேல் இல்லையா?

சாலிடர், சென்னை

படி நுணுக்கம் அதிகம்தான், 5.3 ஆர்க்மினிட். துல்லியம் வேறு விஷயம். காந்தம் சரியாக நடுவில் இருந்தாலுமே ஒரு டிகிரி வரை நேர்கோட்டிலிருந்து விலகலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. நம் கையால் ஒட்டும் காந்தம் நடுவில் இருக்கப்போவதும் இல்லை. அப்புறம் போர்டோடு பேச அது பயன்படுத்தும் ஐ2சி முகவரி மாற்ற முடியாதது, இரண்டு சென்சாரை ஒரே பஸ்ஸில் (ஒரே ஒயர் இணைப்பில்) போட முடியாது. ஈஎஸ்பி32-ல் இரண்டு பஸ் இருப்பதால் அது மட்டும் சமாளிக்கலாம். அகலமான புலம், குறைந்த மடங்கு போதும் என்றால் முயன்று பார்க்கலாம். நான் ஆப்டிகல் பக்கம்தான்.

மொட்டைமாடி, தாம்பரம்

மாட்டியாகிவிட்டது. எண்கள் ஃபோனில் வருகின்றன, குழாயைத் தள்ளினால் திரையில் வட்டம் கூடவே நகர்கிறது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் அதோடு சரி.

ராத்திரி 9 மணி வாக்கில் சுவாதியிலும் மகத்திலும் அலைன் செய்தேன் (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி ஆப்புக்குத் திசையைப் புரியவைப்பது). இரண்டுக்கும் இடையே 60 டிகிரி இருக்கிறது, நல்ல ஜோடி என்று படித்திருந்தேன். கிழக்குப் பக்கம் ஓரளவுக்குச் சரியாகக் காட்டுகிறது. தெற்கே ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்துக்குத் திருப்பினால் ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிப் போகிறது. மேற்கே இன்னும் மோசம். திரும்பச் சுவாதிக்கு வந்தால் அதுவும் இடம் மாறியிருக்கிறது. புஷ் இன்னும் போடவில்லை, போல்ட்டை இறுக்கி மட்டும் வைத்திருக்கிறேன்.

சாலிடர், சென்னை

நட்சத்திரத்தை விடுங்கள், பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். தூரத்தில் இருக்கும் செல்ஃபோன் டவர் உச்சியைக் குறுக்குக்கம்பியில் வையுங்கள். எண்ணைச் சுழியாக்குங்கள். பெட்டியை ஒரே திசையில் முழுச் சுற்று சுற்றி, மறுபடி அதே உச்சியில் நிறுத்துங்கள். 2400 வர வேண்டும். ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் கவலையில்லை. பிறகு எதிர்த் திசையிலும் ஒரு சுற்று.

முழுச் சுற்றில் 2400 வந்து, வானத்தில் மட்டும் இடத்துக்கு இடம் பிசகினால் என்கோடர் மையம் விலகியிருக்கிறது. அந்தப் பிழை பாதிச் சுற்றில் ஏறி, மீதிச் சுற்றில் இறங்கி, தொடங்கிய இடத்துக்கு வரும்போது காணாமல் போய்விடும். முழுச் சுற்றிலேயே குறைந்தால் எங்கோ வழுக்குகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்து, அதில் ஒரு ஒழுங்கும் இல்லையென்றால் மட்டும் ஒயரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

மொட்டைமாடி, தாம்பரம்

இடமிருந்து வலமாக ஒரு சுற்று: 2381. எதிர்த் திசையிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. 19 எண்ணிக்கை என்றால் ஏறக்குறைய 3 டிகிரி!

லேத்துப்பட்டறை, கோவை

போல்ட் சுழல்கிறது. பெட்டி திரும்பும்போது உராய்வில் போல்ட்டையும் கொஞ்சம் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. போல்ட் தலையிலும் அடிப்பலகையிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு நாலு சுற்று சுற்றுங்கள், கோடு உடைந்து நிற்கும்.

பிளைவுட்டில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மரம் அமுங்கிக் கொடுத்துவிடும். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை அடிப்பலகையில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, போல்ட்டை அந்தத் தகட்டில் வெல்டிங் வைத்துவிடுங்கள். வெல்டிங் வசதி இல்லை என்றால் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே துளைத்து ஒரு பின். பெட்டிக்கும் நட்டுக்கும் நடுவே நைலான் வாஷர் போட்டால் இழுக்கும் விசையே குறைந்துவிடும். அப்படியே புஷ்ஷையும் முடித்துவிடுங்கள், இரண்டு முறை பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

தென்வானம், யாழ்ப்பாணம்

போல்ட் விஷயம் சரி. அலைன்மென்ட் நட்சத்திரத்தையும் ஒருக்கால் பாருங்கோ. இந்தச் சித்திரை மாதம் இரவு 9 மணி வாக்கில் மகம் எங்கே நிற்கிறது? உங்கள் தலைக்கு நேர் மேலே. அதன் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து விலகிய கோணம்) வடக்கே 12 டிகிரி, சென்னை 13 டிகிரி அகலாங்கு. உச்சியிலிருந்து ஒரு டிகிரி விலகித்தான் கடக்கும். உச்சிக்குக் கிட்ட திசைக்கோணத்துக்கு மதிப்பே இல்லை. 80 டிகிரி உயரத்திலேயே கண்ணாடியில் தெரியும் சின்னப் பிசகு திசைக்கோணத்தில் ஐந்தே முக்கால் மடங்காக விரியும், 88-ல் கேட்கவே வேண்டாம். பெட்டியை அரை அடி திருப்பினாலும் நட்சத்திரம் ஐபீஸுக்குள்ளேயே நிற்கும்.

மேலைநாட்டுக் கையேடுகள் எல்லாம் துருவ நட்சத்திரத்தை முதலாவதாகப் பிடி என்று எழுதுகின்றன. 40, 50 டிகிரி அகலாங்கில் இருக்கிறவருக்கு அது வசதி. எங்களுக்கு அது 10 டிகிரி உயரத்தில், புகைக்கும் தென்னைக்கும் நடுவில். சென்னையிலும் பெரிய வித்தியாசம் இராது. சுவாதியும் ரோகிணியும்கூட எங்கள் பக்கம் உச்சிக்குக் கிட்டக் கடப்பவைதான், கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும்போது மட்டும் பயன்படுத்துங்கோ.

சித்திரை மாதத்து இரவு 9 மணிக்குச் சரியான ஜோடி சித்திரை நட்சத்திரமும் புரோசியானும். ஒன்று கிழக்கில் 40 டிகிரி உயரம், மற்றது மேற்கில் 47 டிகிரி அளவில். இடைவெளி 88 டிகிரி.

சாலிடர், சென்னை

இது எனக்குத் தோன்றவே இல்லை. கிழக்கில் சரி, மேற்கில் மோசம் என்று அவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அடிப்பலகை மட்டமாக இருக்க வேண்டுமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். தோஷிமி டாகி 1989 பிப்ரவரி ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழில் எழுதிய மேட்ரிக்ஸ் முறைப்படி இரண்டு நட்சத்திரம் கிடைத்தால் போதும், பலகை சாய்ந்திருந்தாலும் கணக்கு அதைச் சேர்த்துக்கொள்ளும். நாமே புரோகிராம் எழுதுவதென்றால் அதைப் பின்பற்றலாம். ஆப்பை நம்பி இருக்கிறோம் என்றால் ரசமட்டம் வைத்து ஒரு நிமிடம் செலவழித்துவிடுங்கள், நஷ்டமில்லை. ஆனால் உயர அச்சும் கிடை அச்சும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால் இரண்டு நட்சத்திரக் கணக்கு அதைக் கண்டுபிடிக்காது. பெட்டியின் இரண்டு பக்கப் பலகையும் ஒரே உயரமா என்று அளந்துகொள்ளுங்கள். 400 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் அதுவே 17 ஆர்க்மினிட்.

இரவாடி, திண்டுக்கல்

இவ்வளவு போல்ட், புஷ், பின் எல்லாம் எதற்கு? பைஃபைண்டர் மாதிரி ஒரு கேமராவைக் குழாயில் கட்டிவிட்டால் அதுவே வானத்தைப் படமெடுத்து, பிளேட் சால்விங் செய்து (படத்திலுள்ள நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு), எங்கே பார்க்கிறோம் என்று சொல்லிவிடுமே. போல்ட் ஆடினால் என்ன, பெட்டியே ஆடினால் என்ன.

லேத்துப்பட்டறை, கோவை

உண்மை. எனக்கு வேலை போய்விடும், அவ்வளவுதான்.

சாலிடர், சென்னை

துல்லியத்தில் அதுதான் மேல், மறுக்கவில்லை. ராஸ்ப்பெரி பை, கேமரா, லென்ஸ் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். என்கோடர் இரண்டு, ஈஎஸ்பி32, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல ஐபீஸ் விலைக்குள் முடியும். மேகம் பாதி மூடியிருக்கும்போதும் என்கோடர் எண்ணிக்கொண்டிருக்கும், கேமராவுக்கு நட்சத்திரம் தெரிந்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் கேமரா பக்கம் போகட்டும். இவர் என்கோடர் வாங்கி மாட்டியேவிட்டார்.

மொட்டைமாடி, தாம்பரம்

தகடு வெல்டிங், பித்தளை புஷ், நைலான் வாஷர், எல்லாம் போட்டாகிவிட்டது. டவர் சோதனையில் இரண்டு திசையிலும் 2400, சில சமயம் 2399. பக்கப் பலகையில் ஒரு பக்கம் சற்று உயரமாக இருந்தது, டெஃப்லானுக்கு அடியில் சன்மைக்கா துண்டு ஒன்று வைத்துச் சரிசெய்தேன்.

நேற்று சித்திரை, புரோசியான் ஜோடியில் அலைன்மென்ட். எம்104 ஐபீஸ் ஓரத்தில் விழுந்தது, ஆனால் விழுந்தது! ஒமேகா சென்டாரி கிட்டத்தட்ட நடுவில். கன்னியில் எம்84, எம்86 இரண்டும் ஒரே புலத்தில். அந்தப் பகுதியில் எது எந்த கேலக்ஸி என்று இதுவரை நான் உறுதியாகச் சொன்னதே கிடையாது. மேற்கே போகப் போகக் கால் டிகிரி பிசகு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனதும் பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் மறுபடி அலைன் செய்துகொள்கிறேன், சரியாகிவிடுகிறது.

ஒரு தொல்லை மட்டும்: ஃபோன் நடுநடுவே ஈஎஸ்பி32 வைஃபையை விட்டுவிடுகிறது.

சாலிடர், சென்னை

அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிடுங்கள். முகவரி 192.168.4.1, போர்ட் 4030 என்று இருக்கட்டும். ஐஃபோன்காரர்களும் இதே வைஃபை வழியில்தான் வர வேண்டும், ஈஎஸ்பி32-ன் புளூடூத் சீரியலை ஐஃபோன் ஏற்காது. பவர் பேங்கையும் பாருங்கள், சில வகைகள் கரன்ட் குறைவாக இழுத்தால் தானே அணைந்துவிடும்.

பைனாக்குலர், தஞ்சாவூர்

எம்84, எம்86 பார்த்தாயிற்றா? அங்கிருந்து கிழக்கே மார்க்கேரியன் சங்கிலி என்ற கேலக்ஸி வரிசை போகும். எண்ணைப் பார்க்காமல் ஒன்றொன்றாக நகர்த்திப் பாருங்கள் தம்பி.

இரவாடி, திண்டுக்கல்

நானும் ஆப்டிகல் என்கோடரே வாங்கிவிட்டேன். குழாயை மேலே தூக்கினால் திரையில் வட்டம் கீழே போகிறது. பச்சை, வெள்ளை ஒயரை மாற்றிச் சாலிடர் செய்ய வேண்டுமா?

சாலிடர், சென்னை

வேண்டாம். ஆப்பில் உயர அச்சுக்கு 2400 என்று இருக்கும் இடத்தில் கழித்தல் 2400 என்று போடுங்கள். கிடை அச்சைத் தொடாதீர்கள்.